மலைநாட்டில் பயன்படுத்திய ஏழு இருக்கை வாகனம் வாங்கும்போது: அறிகுறி வாரியாகப் பிழை காணும் வழிமுறை

கொழும்புப் பக்கத்து விற்பனை முற்றம் ஒன்றில் இருபது நிமிடம் சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் வாங்கிய முதல் ஏழு இருக்கை வாகனம், மூன்றாம் நாள் இறம்பொடை ஏற்றத்தில், பின் வரிசையில் என் தாயாரும் இரண்டு பிள்ளைகளும் அமர்ந்திருக்க, நடைவேகத்துக்கு இறங்கிவிட்டது. வீதியோரம் நிறுத்தி இருபது நிமிடம் காத்திருந்த பின் எதுவும் நடவாததுபோல் மீண்டும் ஏறியது. அந்த இருபது நிமிடத்தின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. கியர்பெட்டியை மாற்ற நேர்ந்தபோதுதான் விளங்கியது. அதன் பிறகு தலவாக்கலை, கொட்டகலை, அட்டன் பகுதிகளில் உறவினரும் அயலவரும் வாகனம் பார்க்கப் போகும்போது உடன் சென்று கற்றுக்கொண்டவற்றை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. ஆகவே நிஸான் எக்ஸ்-ட்ரெயில், மிட்சுபிஷி அவுட்லேண்டர், கியா சொரெண்டோ போன்ற உயரமான மூன்று வரிசை வாகனங்களானாலும், டொயோட்டா விஷ், ஹொண்டா ஸ்ட்ரீம், பிரியஸ் அல்பா போன்ற தாழ்வான வகைகளானாலும், சந்தையில் கிடைப்பவற்றுள் பல நெடுங்காலம் ஓடியவையே. வயதான வாகனத்தில் குறை இருப்பது இயல்பு. எந்தக் குறை மலையின் இயல்பால் வருவது, எது சில்லறைச் செலவில் தீர்வது, எது அந்த வாகனத்தையே விட்டுவிடச் சொல்வது என்று பிரித்தறிவதே வாங்குபவரின் வேலை. சமதரையில் இம்மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும்.

ஓட்டிப் பார்க்கும் முன்

நீங்கள் போய்ச் சேரும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பொனட்டின்மேல் கையை வையுங்கள். அது சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் மட்டும் தெரியக்கூடிய புகையையோ சத்தத்தையோ நீங்கள் பார்க்க முடியாமல் போய்விட்டது என்று பொருள். வேறொரு காலையில் மீண்டும் வருவதே நல்லது. குளிர்ந்திருந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் மட்டத்தைச் சேமிப்புத் தொட்டியில் பென்சிலால் கோடிட்டு வையுங்கள்.

ஓட்டிப் பார்க்கும் பயணத்தில் குடும்பம் முழுவதும் ஏற வேண்டும். ஏழு பேரும் ஒரு பயணப் பையும் ஏறினால் ஏறத்தாழ 400 கிலோ கூடுகிறது. சாரதி மட்டும் ஓட்டிய வாகனமும் இந்தச் சுமையோடு ஓடும் வாகனமும் ஒன்றல்ல. கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக இறம்பொடை வரை ஏறி அதே வழியே இறங்குவது மிகச் சிறந்த பரீட்சை. அட்டன் பக்கத்தவர்களுக்குக் கினிகத்தேனைச் சரிவு இருக்கிறது. விற்பவர் மலைக்கு வர மறுத்தால் கடுகண்ணாவை ஏற்றம் வரையாவது வரச் சொல்லுங்கள். அதற்கும் மறுப்பவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: ஏற்றத்தில் இழுவை குறைகிறது

உயரம் கூடும்போது காற்று அடர்த்தி குறைவதால் டர்போ இல்லாத எஞ்சின் வலுவிழக்கிறது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அந்த இழப்பு ஆறில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கும். இது படிப்படியாக வருவது, எப்போதும் ஒரே அளவில் இருப்பது, இடையில் நின்று புறப்பட்டாலும் மாறாதது. இதைப் பிழை என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் கொழும்பில் மட்டுமட்டாகப் போதுமாக இருந்த 1.5 லீற்றர் எஞ்சின் ஏழு பேருடன் இங்கே போதாது என்பதை வாங்குமுன் உணர வேண்டும்.

பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஏறிய பிறகு திடீரென்று மிதிக்கு எஞ்சின் பதில் சொல்லாமல், சுழற்சி ஏறாமல், வேகம் மணிக்கு 20, 30 கிலோமீற்றருக்கு இறங்கி, நிறுத்தி ஓய்வு கொடுத்த பின் மீண்டும் வலு வந்தால், சி.வி.டி. (படிகள் இன்றித் தானாக மாறும் வகை) கியர்பெட்டியின் ஒயில் அளவுக்கு மீறிச் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ளக் கட்டுப்பாட்டுக் கருவி எஞ்சினின் வலுவைக் குறைத்துவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம். எச்சரிக்கை விளக்கு எரியாமலும் இது நிகழலாம். ஓய்வுக்குப் பின் சரியாகிவிடுவதால் பெட்ரோல் சரியில்லை என்று விற்பவர் சொல்லக்கூடும்; எரிபொருளில் உள்ள குறை ஓய்வெடுத்தால் நீங்குவதில்லை. ஒயிலைக் குளிர்விக்கும் கூலர் அடைபட்டிருந்தால் சுத்தம் செய்யலாம், ஒயில் பழையதென்றால் மாற்றலாம். ஆனால் இரண்டையும் விற்பவர் தம் செலவில் செய்து, அதே ஏற்றத்தில் மீண்டும் ஏற்றிக் காட்டிய பின்னரே விலை பேச வேண்டும்.

டீசல் வாகனத்தில் இழுவை குறைவதோடு சீழ்க்கை போன்ற ஒலியும் கரும்புகையும் வந்தால் டர்போவிலிருந்து செல்லும் குழாயில் கசிவு தேடுங்கள். அது பெரும்பாலும் சிறு செலவு. புகைவடிகட்டி அடைபட்ட விளக்கும் சேர்ந்து எரிந்தால், தோட்டத்துக்கும் டவுனுக்கும் இடையிலான குறுகிய ஓட்டத்திலேயே காலம் கழித்த வாகனமாக அது இருக்கக்கூடும். நீண்ட வேக ஓட்டம் இல்லாமல் அந்த வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்வதில்லை. புதிய வடிகட்டியின் விலையை விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

அறிகுறி: புறப்படும்போது உதறுகிறது

சரிவில் நின்று புறப்படும்போதும், 20 முதல் 60 கிலோமீற்றர் வேகத்துக்குள் மெல்ல மிதிக்கும்போதும் கரடான தரையில் ஓடுவதுபோல் வாகனம் நடுங்கினால் கியர்பெட்டியில்தான் முதலில் சந்தேகம் கொள்ள வேண்டும். எஞ்சின் தாங்கியின் ரப்பர் கிழிந்திருந்தாலும் நடுக்கம் வரும். ஆனால் அது நின்ற நிலையில் டி நிலையில் கியரை வைத்துப் பிரேக்கை மிதித்திருக்கும்போதும் தெரியும், ஓடத் தொடங்கியதும் குறையும். கியர்பெட்டி நடுக்கம் ஓட்டத்தில்தான் பிறக்கிறது. கியர் ஒயில் மாற்றினால் போதும் என்று சொல்லப்படுவதை நம்பி வாங்க வேண்டாம். ஒயில் மாற்றிச் சரியான வாகனங்களும் உண்டு, ஒரு மாதத்தில் மீண்டும் நடுங்கியவையும் உண்டு. எது எந்த வகை என்று வெளியிலிருந்து அறிய வழியில்லை. எந்த வகை ஒயில் எப்போது ஊற்றப்பட்டது என்ற பற்றுச்சீட்டைக் கேளுங்கள். சி.வி.டி. பெட்டிக்குள் சாதாரணத் தானியங்கிக் கியர் ஒயிலை ஊற்றிய வாகனத்தை நான் தொடமாட்டேன்.

அறிகுறி: வெப்பம் ஏறுகிறது, கூலன்ட் குறைகிறது

நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். எஞ்சினுக்குள் கூலன்ட் கொதிக்காமல் இருப்பதற்கு ரேடியேட்டர் மூடி உள்ளே பிடித்து வைத்திருக்கும் அழுத்தமே பெரிய துணை. மூடியின் வில்லோ ரப்பரோ தளர்ந்துவிட்ட வாகனம் தாழ்நிலத்தில் நன்றாக ஓடி, இங்கே வந்ததும் பொங்கி வழிவது இதனால்தான். ஆகவே வெப்பம் ஏறினால், எஞ்சின் நன்றாக ஆறிய பின் முதலில் மூடியைப் புதிதாக மாற்றி மீண்டும் ஏற்றிப் பாருங்கள். அடுத்தது காற்றாடி. பாரலொறி ஒன்றின் பின்னால் ஊர்ந்து ஏறும்போது முன்னிருந்து காற்று வராது. அப்போது காற்றாடி ஓடாவிட்டால் வெப்பம் ஏறியே தீரும். வேகமாகச் செல்கையில் வெப்பம் இறங்கி, ஊர்கையில் மட்டும் ஏறினால் காற்றாடி. இரண்டிலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தேர்மோஸ்டாட், தண்ணீர்ப் பம்பு என்ற வரிசையில் தேட வேண்டும்.

இவை எல்லாம் தீர்க்கக்கூடியவை. எஞ்சினின் மேற்பகுதிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போயிருந்தால் நிலைமை வேறு. குளிர்ந்த எஞ்சினை இயக்கி ஓரிரு நிமிடத்துக்குள் ரேடியேட்டரின் மேல் குழாய் கல்போல் இறுகுவது, சேமிப்புத் தொட்டியில் குமிழிகள் தொடர்ந்து எழுவது, கசிவு எங்கும் தெரியாமல் கூலன்ட் குறைவது ஆகியவை அதன் அடையாளங்கள். சந்தேகம் இருந்தால் ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனையைச் செய்யக்கூடிய கராஜுக்குக் கொண்டு செல்லுங்கள். எஞ்சினில் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். மாறினால் அந்த வாகனத்தை விட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு தவறான அச்சத்தையும் நீக்க வேண்டும். ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர்போன்ற படிவைக் கண்டதும் பலர் கேஸ்கட் போய்விட்டது என்று திரும்பிவிடுகிறார்கள். குளிரும் ஈரமும் நிறைந்த நம் ஊர்களில், பிள்ளைகளைப் பாடசாலைக்கு விடும் சிறு ஓட்டங்களுக்கே பயன்பட்ட வாகனத்தில் ஈரம் உறைந்து அப்படிப் படிவது வழக்கம். மூடியைத் துடைத்துவிட்டு, அளவுக்கோலை உருவிப் பாருங்கள். கோலில் ஒயில் தெளிவாக இருந்து, 40 கிலோமீற்றர் ஓடிய பின்னும் மூடியில் படிவு திரும்ப வராவிட்டால் கவலை இல்லை. கோலிலேயே ஒயில் வெளுத்துக் குழம்பியிருந்தால் அச்சம் சரியே.

அறிகுறி: இறக்கத்தில் பிரேக் நாற்றம், நடுக்கம், மிதி தாழ்தல்

குடும்பத்துக்கான வாகனத்தில் நான் மிக அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான். நானுஓயாவின் ரதல்லை குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் நடந்த விபத்தில் ஏழு உயிர்கள் போன பிறகு, நம் பகுதியில் இறக்கத்தைப் பற்றி இலேசாகப் பேசுபவர் எவரும் இல்லை.

முதலில், சரியாக இறங்கிப் பாருங்கள். கியரை எல் (L), பி (B) அல்லது 2 நிலைக்கு மாற்றி எஞ்சினைக் கொண்டே வேகத்தைப் பிடித்து, தேவைப்படும்போது பிரேக்கை அழுத்தமாக மிதித்து விட வேண்டும். இடைவிடாமல் மெல்ல மிதித்துக்கொண்டே இறங்கினால் நல்ல வாகனமும் நாறும். ஹைப்ரிட் வாகனத்தில் நீண்ட இறக்கத்தின்போது மின்கலம் நிறைந்ததும் எஞ்சின் தானாகச் சத்தமிட்டுச் சுழலத் தொடங்கும். அது பிழை அன்று. மின்கலம் ஏற்க முடியாத ஆற்றலை எஞ்சின் தாங்கிக்கொள்கிறது.

இப்படி இறங்கியும் அறிகுறி தோன்றினால் அதன் வகையைப் பாருங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் முன் டிஸ்க்குகளின் தடிமன் சீராக இல்லை. கடைந்தோ மாற்றியோ சரிசெய்யலாம். மிதி பஞ்சுபோல் மெத்தென்றாகி ஆழம் போனால் பிரேக் ஒயில் சூட்டில் ஆவிக் குமிழியாகிறது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது: டாட் 3 வகைக்குப் புதிதில் குறைந்தபட்சம் 205 பாகையாக இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறிய நிலையில் 140 வரை தாழலாம், டாட் 4 வகைக்கு அது 230, 155. மழையும் மூடுபனியுமாக வாழும் எங்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதை மாற்றுவது கட்டாயம் என்றே சொல்வேன். மிதி உறுதியாக இருந்தும் வாகனம் நிற்காவிட்டால் பாட் தேய்ந்து அல்லது எரிந்து கண்ணாடிபோல் ஆகியிருக்கிறது. நின்ற நிலையில் மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழிறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் பழுது. அதைச் சரிசெய்யாமல் அந்த வாகனத்தில் வீடு திரும்பக்கூட வேண்டாம்.

இறங்கி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும், தொடாமல், கையைக் கொண்டு சென்று சூட்டை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மிகுந்த சூடு என்றால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பாட்டை அழுத்தும் கலிப்பர் இறுகியுள்ளது. மூன்று வரிசையும் நிரம்பிய வாகனத்தில் பின் அச்சின் சுமை கூடுவதால், சாரதி தனியே ஓட்டும்போது மறைந்திருந்த பின் பிரேக்கின் குறை இப்போதுதான் வெளிப்படும்.

ஹேண்ட் பிரேக்கையும் அதே சரிவில் பாருங்கள்: கியரை நியூட்ரலில் வைத்து, காலை பிரேக்கின் மேலேயே தயாராக வைத்துக்கொண்டு, எல்லோரும் ஏறிய நிலையில் அது தனியே தாங்க வேண்டும்.

அறிகுறி: வளைவில் சொடுக்கு, குழியில் தட்டல்

கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெல்லப் புறப்படும்போது சக்கரப் பக்கத்திலிருந்து ‘டக் டக்’ என்று கேட்டால் அச்சு மூட்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறியிருக்கும். சிறு குழியில் மட்டும் கேட்கும் இலேசான தட்டல் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் இணைப்பு அல்லது புஷ், செலவு குறைவு. பெரிய குழியில் ‘தட்’ என்று மோதும் ஒலி ஷொக் அப்சோபரையோ, சக்கரத்தைத் தாங்கும் ‘லோவர் ஆர்ம்’ என்ற கீழ்க் கையையோ குறிக்கிறது. தோட்டப் பாதையில் ஓடிய வாகனங்களில் இவை தேய்ந்திருப்பது இயல்பே. விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம். டயரின் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் தேடல் இங்கேதான் முடியும்.

நான்கு சக்கர இழுவை உள்ள வகையானால், திடலில் முழு வட்டம் மெல்ல ஓட்டிப் பாருங்கள். வாகனம் விறைத்து இழுத்துப் பிடித்தால், முதலில் நான்கு டயர்களும் ஒரே வகையா, ஒரே அளவு தேய்ந்தவையா என்று பார்க்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் அதன் பிறந்த தேதி: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

அறிகுறி: கண்ணாடியில் பனி படிந்து அகலவில்லை

நம் ஊரில் ஏசி யாருக்கு வேண்டும் என்று விற்பவர் சொல்லுவார். குளிருக்காக அன்று, கண்ணாடிக்காகவே ஏசி வேண்டும். அப்புத்தளையிலோ நானுஓயாவிலோ மாலை மூடுபனியில் ஏழு பேர் மூச்சுவிடும் வாகனத்தின் உள்ளே ஈரத்தை வற்றச் செய்வது ஏசிதான். நீண்ட நாள் இயக்காமல் விட்ட கொம்பிரசரின் ரப்பர்கள் காய்ந்து வாயு கசிந்துவிடுவதும் உண்டு. சூடான காற்றையும் ஏசியையும் ஒன்றாக இயக்கி, எல்லோரும் உள்ளே இருக்கும்போது முன்கண்ணாடி இரண்டு மூன்று நிமிடத்தில் தெளிகிறதா என்று பாருங்கள். பின்கண்ணாடியின் வெப்பக் கம்பிகளும் பின் வைப்பரும் வேலை செய்ய வேண்டும்.

அறிகுறி: பின் வரிசையில் குமட்டல், நாற்றம்

மூன்றாம் வரிசையில் வாங்குபவரே அரை மணி நேரம் அமர்ந்து செல்ல வேண்டும். பிள்ளைகளை மட்டும் ஏற்றிப் பார்ப்பது போதாது. வளைவுகளால் வரும் குமட்டல் ஒன்று, புகையால் வருவது வேறொன்று. நேரான வீதியிலும், அதிலும் கண்ணாடிகள் மூடியிருக்கும்போது, தலைவலியும் மயக்கமும் தோன்றினால் சிலென்சர் புகை உள்ளே வருகிறதா என்று தேடுங்கள். ஓடும் வாகனத்தின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவதால், பின்கதவின் ரப்பர் தளர்ந்திருந்தால் புகை உள்ளே இழுக்கப்படும். அதிலுள்ள கார்பன் மோனொக்சைட்டுக்கு மணம் கிடையாது. அதற்கு மிக அருகில் இருப்பது நம் பிள்ளைகளும் முதியவர்களும். ஒரு காகிதத் துண்டைப் பின்கதவின் ரப்பரில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. கதவின் உள்ஓரத்தில் கரித்தடம் இருந்தால் ஐயமே வேண்டாம். ரப்பரும் சிலென்சர் மூட்டும் மாற்றக்கூடியவை. மாற்றும்வரை எவரையும் அங்கே அமர்த்த வேண்டாம்.

ஈர நாற்றம் வந்தால் தரைவிரிப்பைத் தூக்குங்கள். பின் விளக்கு ஓரத்து ரப்பர் கசிவாக இருந்தால் ஒரு மூலையில் மட்டும் ஈரம் இருக்கும். வெள்ளத்தில் நின்ற வாகனம் என்றால் அடையாளங்கள் பரந்திருக்கும்: இருக்கைத் தண்டவாளத் திருகுகளில் துரு, மாற்றுச் சக்கரக் குழியில் நுண்ணிய சேற்றுப் படிவு, இருக்கைப் பட்டியைக் கடைசிவரை உருவினால் தெரியும் கறைக்கோடு, பழைய வாகனத்தில் பொருந்தாத புதிய விரிப்பு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டையும் தாழ்நிலத்தையும் ஒருசேர மூழ்கடித்த பிறகு இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. பிரியஸ் அல்பாவின் ஏழு இருக்கை வகையில் ஹைப்ரிட் மின்கலம் முன் இருக்கைகளுக்கு நடுவே தாழ்வாக இருப்பதால், அதில் நீர் ஏறியிருந்தால் விட்டுவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அறிகுறி: எச்சரிக்கை விளக்கு எரிகிறது, அல்லது எரியவே இல்லை

எரிவது எல்லோருக்கும் தெரியும். எரியாததைக் கவனியுங்கள்: எஞ்சினை இயக்காமல் மின்சாரத்தை மட்டும் போடும்போது எஞ்சின், ஏபிஎஸ், எயார்பேக் விளக்குகள் எரிய வேண்டும், எஞ்சினை இயக்கிய பின் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ஒன்று எரியாவிட்டால் அதை யாரோ மறைத்திருக்கக்கூடும். ஸ்கேனர் உள்ள மெக்கானிக், பிழைக் குறிகள் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரத்தைப் பல வாகனங்களில் பார்த்துச் சொல்வார். அது 15 கிலோமீற்றர் என்று காட்டினால், உங்கள் வருகைக்காகத்தான் அழித்திருக்கிறார்கள்.

ஆவணங்களில், பதிவுச் சான்றிதழிலுள்ள இருக்கை எண்ணிக்கையும் செசி, எஞ்சின் இலக்கங்களும் வாகனத்தோடு ஒத்துப்போக வேண்டும். பூரண உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் கைக்கு வரும்வரை பணம் கொடுக்க வேண்டாம். ஜப்பானிய ஏலத்தாள் கிடைத்தால் தரம் எழுதியிருக்கும் இடத்தில் ஆர் அல்லது ஆர்ஏ என்று உள்ளதா எனப் பாருங்கள்; அது விபத்துக்குப் பின் திருத்தப்பட்டது என்பதன் குறி.

பயணம் முடிந்து திரும்பியதும் உடனே விலை பேசத் தொடங்க வேண்டாம். சமமான, உலர்ந்த சிமெந்துத் தரையில் வாகனத்தை நிறுத்தி, அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்து, தேநீர் குடித்து முடிக்கும் நேரம் காத்திருங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தெளிந்த நீரைத் தவிர, வேறு நிறத்தில் விழும் ஒவ்வொரு சொட்டும் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.  மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்த நிலையில் மீண்டும் போய், கூலன்ட் நீங்கள் புறப்படுமுன் இட்ட பென்சில் கோட்டில்தான் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே முற்பணம் கொடுங்கள்.